கூடைப்பந்து கற்பனை லீக்: சம்பள வரம்பு விதிகளை எக்ஸெலில் அமைப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்ஸெலை வீட்டு வரவு செலவு எழுத மட்டுமே பயன்படுத்துகிறார்கள். பால் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதிய பின் அதை மூடி வைத்து விடுகிறார்கள். ஆனால் பத்துப் பேர் சேர்ந்து விளையாடும் ஒரு விளையாட்டுக்கு நடுவராகவும் எக்ஸெலை வேலை வாங்க முடியும். அதற்கு புரோகிராமிங் தெரிய வேண்டாம். கூட்டல், கழித்தல், மவுஸ் கிளிக் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். இந்த மாதம் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டிகளை வைத்து விளையாடும் கற்பனை லீக் ஒன்றுக்குச் சம்பள வரம்பு விதிகளை வகுத்து, அவற்றை எக்ஸெலில் எப்படி அமைப்பது என்று பார்ப்போம்.

கற்பனை லீக் என்றால் என்ன?

என்.பி.ஏ.யில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வொரு அணியும் அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை 82 ஆட்டங்கள் ஆடுகிறது. கற்பனை லீக்கில் நீங்களும் உங்கள் நண்பர்களும் ஆளுக்கொரு அணியின் முதலாளி ஆகிறீர்கள். உண்மையான வீரர்களை எந்த அணியில் இருந்தாலும் பொறுக்கி எடுத்து, உங்களுக்கென ஓர் அணியைக் காகிதத்தில் அமைக்கிறீர்கள். அந்த வீரர் நிஜ ஆட்டத்தில் எடுக்கும் புள்ளிகள், ரீபவுண்டுகள், அசிஸ்ட்டுகள், தடுத்த பந்துகள் எல்லாம் உங்கள் கணக்கில் சேரும். சீசன் முடிவில் யார் கணக்கு கூடுதலோ அவர் வெற்றி பெற்றவர்.

ஒரு வீரரை ஒரே ஒருவர்தான் வைத்திருக்க முடியும். அப்படியானால் சிறந்த வீரர் யாருக்குப் போவது? இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சீட்டுக் குலுக்கி முறை வைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுப்பது. இதில் முதல் சீட்டு கிடைத்தவருக்கு யோகம். கடைசிச் சீட்டு எடுத்தவர் முதல் நட்சத்திரத்தைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. இன்னொன்று, எல்லோருக்கும் ஒரே அளவு கற்பனைப் பணம் கொடுத்து ஏலம் விடுவது. இதில் எந்த வீரரையும் யாரும் வாங்கலாம். விலையைத்தான் கொடுக்க வேண்டும். இந்தப் பணத்தின் அளவுதான் சம்பள வரம்பு.

இது நமக்குப் புதிதல்ல. 2008 பிப்ரவரியில் நடந்த முதல் ஐ.பி.எல். ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் 50 லட்சம் டாலர் வரம்பு இருந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் தோனிக்கு மட்டும் 15 லட்சம் டாலர் கொடுத்தது. பத்தில் மூன்று பங்கு ஒருவருக்கே போயிற்று. மீதி ஏழு பங்கில்தான் மற்ற எல்லோரையும் வாங்க வேண்டியிருந்தது. சம்பள வரம்பின் சுவையே இதுதான்.

கற்பனை விளையாட்டுக்கு ஏலத்தைக் கொண்டு வந்தவர் டேனியல் ஓக்ரென்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர். 1980இல் நியூயார்க்கில் நண்பர்களோடு பேஸ்பால் லீக் ஒன்றைத் தொடங்கினார். 260 டாலருக்கு 23 வீரர்கள் என்பது பின்னர் அந்த விளையாட்டின் வழக்கமான அளவாயிற்று. கூடைப்பந்தில் இன்று பெரும்பாலான லீக்குகள் ஆளுக்கு 200 டாலர் என்று வைத்துக்கொள்கின்றன. 13 வீரர்கள் என்பதும் பரவலான வழக்கம். இந்தப் பாடத்திலும் அதையே பின்பற்றுவோம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இங்கே டாலர் என்று சொல்வது வெறும் மதிப்பெண். உண்மையான பணத்தை இதில் நுழைக்காதீர்கள். 2025 ஆகஸ்டில் இந்தியாவில் நிறைவேறிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி விளையாடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பணம் வந்தால் நட்பு போகும்.

விதி இல்லாவிட்டால் என்ன ஆகும்?

என் கல்லூரி நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து இந்த லீக்கை நடத்துகிறோம். சிலர் அமெரிக்காவில் வேலை செய்கிறார்கள். மற்றவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறோம். அமெரிக்காவில் இரவு ஏழு மணி ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு அதிகாலை ஐந்தரை. விடிந்ததும் செல்போனைப் பார்த்தால் ஆட்ட விவரம் ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் ஆண்டு ஏலத்தில் 200 டாலர் என்ற ஒரே ஒரு விதிதான் இருந்தது. கணக்கை அவரவர் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஏலம் முடியும் நேரத்தில் ஒரு நண்பரிடம் ஆறு டாலர் மிச்சம். வாங்க வேண்டிய வீரர்களோ நான்கு பேர். அவர் ஒரு வீரரை ஐந்து டாலருக்குக் கேட்டார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் சொல்லி முடிந்தது. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. மீதி மூன்று இடங்களுக்கு அவரிடம் ஒரே ஒரு டாலர்!

ஏலத்தை ரத்து செய்யச் சொன்னார்கள் சிலர். மீதி இரண்டு வீரர்களை இலவசமாகக் கொடுக்கலாம் என்றார்கள் வேறு சிலர். நான்கு டாலர் வரை கேட்டுத் தோற்றவர், அந்த வீரர் தனக்குத்தான் வர வேண்டும் என்றார். எல்லோர் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஆனால் எழுதி வைத்த விதி எதுவும் இல்லை. கடைசியில் அந்த வீரரை மறுபடி ஏலம் விட்டோம். வீரரை இழந்த நண்பர் பல வாரங்கள் லீக் பக்கமே வரவில்லை. ஆறு மாதம் ஓட வேண்டிய விளையாட்டு முதல் நாளே கசந்து போனது.

அடுத்த ஆண்டு விதிகளை எழுதும் வேலை என்னிடம் வந்தது. அப்போது நான் வைத்துக்கொண்ட அடிப்படை ஒன்றுதான். சம்பள வரம்பு என்பது வெறும் எண் அல்ல. எப்போது கேட்கலாம், எவ்வளவு வரை கேட்கலாம், தவறினால் என்ன என்பதெல்லாம் சேர்ந்ததுதான் வரம்பு. அதை ஏலத்துக்கு முன்பே எழுத வேண்டும். கணக்கைப் பார்க்கும் வேலையை ஆட்களிடம் விடாமல் கம்ப்யூட்டரிடம் விட வேண்டும். ஏனென்றால் கணக்கு எழுதுபவரும் பத்துப் பேரில் ஒருவர்தானே!

இறுக்கமான வரம்பா, தளர்வான வரம்பா?

விதி எழுதும் முன் என்.பி.ஏ. தன் வரம்பை எப்படி நடத்துகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அங்கே கிடைத்த அனுபவம் நமக்கும் உதவும்.

என்.பி.ஏ.யில் இன்றைய வகைச் சம்பள வரம்பு 1984-85 சீசனில் வந்தது. அப்போது ஓர் அணிக்கு 36 லட்சம் டாலர். 2025-26 சீசனில் அது 15 கோடியே 46 லட்சம் டாலராக இருந்தது. ஆனால் இது தளர்வான வரம்பு. சில விலக்குகள் உண்டு. தன்னிடம் ஏற்கனவே ஆடிவரும் வீரரை மறுபடி ஒப்பந்தம் செய்ய ஓர் அணி வரம்பைத் தாண்டலாம். பாஸ்டன் அணியின் லாரி பேர்டு பெயரால் இதை லாரி பேர்டு விலக்கு என்பார்கள். இதனால் 1997-98 சீசனில் ஒரு வேடிக்கை நடந்தது. அணி முழுவதற்கும் வரம்பு 2 கோடியே 69 லட்சம் டாலர். சிகாகோ புல்ஸ் அணி மைக்கேல் ஜோர்டான் ஒருவருக்கு மட்டும் கொடுத்ததோ 3 கோடியே 31 லட்சம் டாலர்!

அமெரிக்கக் கால்பந்தான என்.எஃப்.எல்., ஐஸ் ஹாக்கியான என்.எச்.எல். இரண்டிலும் இருப்பது இறுக்கமான வரம்பு. அங்கே இப்படி விலக்கு காட்டி வரம்பைத் தாண்ட முடியாது.

நண்பர்கள் ஆடும் லீக்குக்கு இறுக்கமான வரம்புதான் சரி. தளர்வான வரம்பு வைத்தால் ஒவ்வொரு விலக்குக்கும் விளக்கம் எழுத வேண்டும். ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒரு சண்டை வரும். என்.பி.ஏ.யில் விலக்குகளைக் கவனிக்க வக்கீல்கள் இருக்கிறார்கள். நம்மிடம் எக்ஸெல்தான் இருக்கிறது.

இன்னொரு பாடமும் உண்டு. 2015-16 சீசனில் 7 கோடி டாலராக இருந்த வரம்பு, புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் 2016-17இல் ஒரே தாவலில் 9 கோடியே 41 லட்சம் டாலர் ஆனது. முந்தைய சீசனில் 73 ஆட்டங்களை வென்ற கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்கு, திடீரெனக் கிடைத்த இடத்தில் கெவின் டுரன்ட்டையும் சேர்க்க முடிந்தது. அடுத்தடுத்து 2017, 2018 இரண்டு ஆண்டுகளும் அந்த அணியே சாம்பியன். 2023 ஒப்பந்தத்தில் வரம்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். நமக்குப் பாடம் இதுதான்: வரம்பைத் திடீரென மாற்றினால் அந்த நேரத்தில் கையில் இடம் வைத்திருப்பவருக்கு மட்டும் லாபம். ஆகவே சீசன் நடுவே 200 டாலர் என்பதைத் தொடவே கூடாது.

நிஜச் சம்பளத்தை வைத்தால் என்ன?

சிலர், வீரர்களின் உண்மையான சம்பளத்தையே விலையாக வைக்கலாமே என்று கேட்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதில் ஒரு சிக்கல். 2023-24 சீசனில் ஸ்டீபன் கரியின் சம்பளம் சுமார் 5 கோடியே 20 லட்சம் டாலர். அதே சீசனில் புதுமுகமாக வந்த விக்டர் வெம்பன்யாமாவின் சம்பளம் சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர்தான். புதுமுகங்களுக்கு அளவு முன்பே நிர்ணயிக்கப்பட்டிருப்பதே காரணம். வெம்பன்யாமாவோ அந்தச் சீசனிலேயே ஆட்டத்துக்கு 3.6 பந்துகளைத் தடுத்து லீக்கில் முதலிடம் பிடித்தார்.

அதாவது சம்பளம் என்பது ஒப்பந்தத்தின் அளவு, ஆட்டத்தின் அளவு அல்ல. நிஜச் சம்பளம் வைத்தால் எல்லோரும் அதே நான்கைந்து இளைஞர்களின் பின்னால் ஓடுவார்கள். விலை நிலையாக இருப்பதால் யாருக்கு முதல் சீட்டு என்ற பழைய பிரச்சினைக்கே திரும்பி விடுவோம். ஏலத்தில் விலையை நீங்களே முடிவு செய்கிறீர்கள். அதனால் முதல் லீக்குக்கு ஏலமே நல்லது.

ஒரே ஒரு சூத்திரம்

ஏல விதிகளில் உயிர்நாடி போன்றது உச்சக் கேட்பு விதி. அதாவது, ஒருவர் அந்த நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு கேட்கலாம் என்பது. ஒரு வீரரின் குறைந்த விலை ஒரு டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வாங்கும் இடம் போக, மீதி உள்ள ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு டாலரை ஒதுக்கி வைக்க வேண்டும். ஆகவே:

உச்சக் கேட்பு = மீதிப் பணம் - மீதி இடங்கள் + 1

ஏலம் தொடங்கும்போது பணம் 200, இடம் 13. ஆகவே உச்சக் கேட்பு 188. மேலே சொன்ன நண்பரிடம் பணம் 6, இடம் 4. அவர் கேட்டிருக்கக் கூடியது மூன்று டாலர்தான். இந்த ஒரு வரி இருந்திருந்தால் அன்றைய சண்டையே வந்திருக்காது.

எக்ஸெலில் அமைப்போம்

இனி கம்ப்யூட்டர் முன் உட்காருங்கள். எக்ஸெலைத் திறந்து புதிய ஒர்க்புக் ஒன்றை எடுங்கள். முதலில் ஓர் அணிக்கு மட்டும் அமைத்து, பிறகு அதை மற்ற ஒன்பது அணிகளுக்கும் காப்பி செய்வோம்.

1. ஏ நெடுவரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஏ1இல் அணி. ஏ2 முதல் ஏ14 வரை 1 முதல் 13 வரை எண்கள். ஏ15இல் செலவு. ஏ16இல் மீதிப் பணம். ஏ17இல் வாங்கியவர்கள். ஏ18இல் மீதி இடங்கள். ஏ19இல் உச்சக் கேட்பு. ஏ20இல் சோதனை.

2. பி1 செல்லில் அணியின் பெயர். சி1 செல்லில் 200 என்று டைப் செய்யுங்கள். பி2 முதல் பி14 வரை வீரர்களின் பெயருக்கு. சி2 முதல் சி14 வரை விலைக்கு. இப்போது காலியாக விடுங்கள்.

3. சி15 செல்லைக் கிளிக் செய்யுங்கள். ஹோம் டேபில் வலப்பக்கம் ஆட்டோசம் என்ற பட்டன் இருக்கும். அதைக் கிளிக் செய்து, மவுஸால் சி2 முதல் சி14 வரை இழுத்து எண்டர் கீயை அழுத்துங்கள். 0 என்று வரும். சி1ஐச் சேர்த்து இழுத்து விடாதீர்கள். பட்ஜெட்டும் செலவில் சேர்ந்து விடும்.

4. சி16 செல்லில் சமக்குறியை டைப் செய்யுங்கள். பிறகு சி1 செல்லைக் கிளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, சி15 செல்லைக் கிளிக் செய்து எண்டர் அழுத்துங்கள். 200 என்று வரும். எக்ஸெலில் எந்தக் கணக்கும் சமக்குறியில்தான் தொடங்க வேண்டும். செல்லின் பெயரை டைப் செய்யத் தேவையில்லை, கிளிக் செய்தாலே எக்ஸெல் அதை எழுதிக்கொள்ளும்.

5. சி17 செல்லைக் கிளிக் செய்யுங்கள். ஆட்டோசம் பட்டனின் பக்கத்தில் உள்ள சிறிய அம்புக்குறியைக் கிளிக் செய்தால் ஒரு பட்டியல் விரியும். அதில் கவுன்ட் நம்பர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மறுபடியும் சி2 முதல் சி14 வரை இழுத்து எண்டர். இது கூட்டாது. எத்தனை செல்களில் எண் இருக்கிறது என்று மட்டும் எண்ணிச் சொல்லும்.

6. சி18 செல்லில் சமக்குறி, 13, கழித்தல் குறி டைப் செய்து, சி17ஐக் கிளிக் செய்து எண்டர். 13 வரும்.

7. சி19 செல்லில் சமக்குறி போட்டு, சி16ஐக் கிளிக் செய்து, கழித்தல் குறி, சி18ஐக் கிளிக், கூட்டல் குறி, 1 டைப் செய்து எண்டர். 188 வர வேண்டும். வேறு எண் வந்தால் மேலே எங்கோ ஒரு செல் மாறியிருக்கிறது. திரும்பப் பாருங்கள்.

8. சி20 செல்லில் சமக்குறி, சி16, கழித்தல் குறி, சி18 என்று அமைத்து எண்டர். 187 வரும். இந்த எண் எப்போதும் பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. போனால் விதி மீறப்பட்டது என்று பொருள்.

சிவப்பு விளக்கு

சோதனைச் செல்லை ஒவ்வொரு முறையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சி20ஐக் கிளிக் செய்யுங்கள். ஹோம் டேபில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங், அதில் ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், அதில் லெஸ் தேன். வரும் டயலாக் பாக்ஸில் 0 என்று டைப் செய்து ஓகே கொடுங்கள். இனி எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால் செல் தானாகச் சிவந்து விடும்.

அடுத்து, தவறான விலை நுழையாமல் ஒரு தடுப்பு. சி2 முதல் சி14 வரை தேர்ந்தெடுங்கள். டேட்டா டேபில் டேட்டா வேலிடேஷன். அலவ் என்ற இடத்தில் ஹோல் நம்பர். மினிமம் 1, மேக்ஸிமம் 188. எரர் அலர்ட் என்ற டேபில் முழு டாலர் மட்டும், 1 முதல் 188 வரை என்று தமிழிலேயே எழுதலாம். இனி அரை டாலர், பூஜ்யம், இருநூறு எதுவும் நுழையாது. ஆனால் வேறிடத்திலிருந்து காப்பி செய்து பேஸ்ட் செய்தால் இந்தத் தடுப்பு வேலை செய்யாது. ஆகவே விலையை எப்போதும் டைப் செய்யுங்கள்.

சோதித்துப் பாருங்கள்

சி2இல் 60 டைப் செய்யுங்கள். மீதிப் பணம் 140, உச்சக் கேட்பு 129 என்று மாறும். சி3இல் 100. மீதி 40, இடம் 11, உச்சக் கேட்பு 30. இப்போது வேண்டுமென்றே சி4இல் 31 டைப் செய்யுங்கள். சோதனைச் செல் சிவந்து, -1 காட்டும். 31ஐ அழித்து 30 போட்டால் சிவப்பு மறையும். ஆனால் உச்சக் கேட்பு 1 ஆகிவிடும். அதாவது மீதிப் பத்துப் பேரையும் ஆளுக்கு ஒரு டாலருக்குத்தான் வாங்க முடியும். இது விதிக்கு உட்பட்டதே. மூன்று நட்சத்திரங்களும் பத்துச் சாதாரண வீரர்களும் என்பது பலர் விரும்பும் உத்தி. விதி முட்டாள்தனத்தைத் தடுக்க வேண்டியதில்லை, முடியாததை மட்டும் தடுத்தால் போதும்.

பதின்மூன்று இடங்களும் நிரம்பிய பின் உச்சக் கேட்பில் காட்டும் எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம். அந்த அணியின் ஏலம் முடிந்தது.

பத்து அணிகளும் பூட்டும்

சோதனைக்குப் போட்ட எண்களை அழித்து விடுங்கள். இப்போது பி2 முதல் சி14 வரை தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து ஃபார்மேட் செல்ஸ் போங்கள். புரொடெக்‌ஷன் டேபில் லாக்டு என்ற டிக் குறியை எடுத்து விடுங்கள். பெயரும் விலையும் எழுதும் இடம் மட்டும் திறந்திருக்கும்.

அடுத்து பி1 முதல் சி20 வரை தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் கீயையும் சி கீயையும் சேர்த்து அழுத்துங்கள். வலப்பக்கம் அடுத்த காலி நெடுவரிசையின் முதல் செல்லைக் கிளிக் செய்து கண்ட்ரோலும் வி கீயும். இப்படியே ஒன்பது முறை. பார்முலா, தடுப்பு, சிவப்பு விளக்கு எல்லாம் கூடவே வரும். அணிகளின் பெயர்களை நிரப்புங்கள்.

கடைசியாக ரிவ்யூ டேபில் புரொடெக்ட் ஷீட். ஒரு பாஸ்வேர்டு கொடுங்கள். இனி பார்முலாவையோ 200 டாலரையோ யாரும் தெரியாமல் மாற்ற முடியாது. இந்தப் பாஸ்வேர்டு கைத்தவறுதலைத் தடுக்கும் வேலி மட்டுமே, இரும்புப் பெட்டி அல்ல. அதனால் எங்கள் லீக்கில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஷீட்டில் விலையை டைப் செய்பவர் ஒருவர். பாஸ்வேர்டை வைத்திருப்பவர் வேறொருவர். ஃபைலை ஒன்டிரைவில் போட்டு மற்ற எட்டுப் பேருக்கும் பார்க்க மட்டும் அனுமதி கொடுக்கிறோம். ஒவ்வொரு ஏலத்தையும் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். சந்தேகம் என்ற பேச்சே எழுவதில்லை.

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆஃபிஸ் கால்க்கில் இதையெல்லாம் செய்யலாம். அங்கே தடுப்புக்கு டேட்டா மெனுவில் வேலிடிட்டி, பூட்டுக்கு டூல்ஸ் மெனுவில் புரொடெக்ட் ஷீட்.

மொத்தக் கணக்கு சொல்லும் சேதி

பத்து அணிகள், ஆளுக்கு 200. மொத்தம் 2000 டாலர். வாங்கப்படும் வீரர்கள் 130 பேர். சராசரி விலை 15 டாலருக்குச் சற்று மேல். ஆளுக்கு ஒரு டாலர் கட்டாயம் என்பதால் 130 டாலர் ஒதுங்கி விடுகிறது. உண்மையில் போட்டி நடப்பது 1870 டாலருக்குத்தான். ஏலத்தின் முதல் அரை மணி நேரத்தில் எல்லோரும் அள்ளிக் கொடுத்தால் பின்பாதியில் நல்ல வீரர்கள் மலிவாகக் கிடைப்பார்கள். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் பின்பாதியில் விலை ஏறும். உச்சக் கேட்பு வரிசையை அணி அணியாகப் பார்த்தாலே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியும். ஏலத்தில் செலவழிக்காத பணம் சீசனில் செல்லாக் காசு. அதையும் விதியில் எழுதிவிடுங்கள்.

சீசன் நடுவே என்ன செய்வது?

வீரருக்குக் காயம் பட்டால்? பாதியில் ஒருவரை நீக்கினால் அவர் விலை திரும்ப வருமா? என்.பி.ஏ.யில் வராது. 2025 ஏப்ரலில் டேமியன் லில்லார்டுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. மில்வாக்கி பக்ஸ் அணி அந்த ஜூலையில் அவரை விடுவித்தது. கொடுக்க வேண்டிய சுமார் 11 கோடியே 30 லட்சம் டாலரை ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்துத் தன் வரம்புக் கணக்கில் சுமக்கிறது. ஆள் இல்லை, பாரம் மட்டும் உண்டு.

முதல் ஆண்டு லீக்குக்கு இவ்வளவு தேவையில்லை. சம்பள வரம்பு ஏலத்தோடு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சீசனில் ஒருவரை நீக்கினால் ஒருவரைச் சேர்க்கலாம். மாற்றிக்கொள்வதானால் ஆளுக்கு ஆள். காயம்பட்டவருக்குத் தனியாக ஓர் இடம். இவ்வளவே போதும். சீசன் முழுவதும் வரம்பு வேண்டும் என்று பிறகு தோன்றினால், நீக்கப்பட்டவரின் விலையில் பாதி கணக்கிலேயே நிற்கும் என்று ஒரு விதி சேர்க்கலாம். 20 டாலர் வீரரை நீக்கினால் 10 டாலர் மட்டும் திரும்பும். அப்போது யாரும் அவசரப்பட்டு நீக்க மாட்டார்கள்.

அடுத்த ஆண்டுக்குச் சிலரை வைத்துக்கொள்ள அனுமதித்தால் ஒரு கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரும் ஆளுக்கு இரண்டு வீரர்களை வைத்துக்கொள்கிறார்கள் என்போம். அவர்களின் பழைய விலை மொத்தம் 200 டாலர், இன்றைய மதிப்போ 400 டாலர். அப்படியானால் ஏலத்துக்கு மீதி இருக்கும் பணம் 1800. ஏலத்துக்கு வரும் வீரர்களின் மதிப்பு 1600. எல்லா விலையும் சராசரியாக 12.5 சதவீதம் ஏறும். இதைத் தணிக்க, வைத்துக்கொள்ளும் வீரரின் விலை ஆண்டுக்கு 5 டாலர் ஏறும், இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி வையுங்கள்.

விதிப் பக்கம்

அதே ஒர்க்புக்கில் புதிய ஷீட் ஒன்றைச் சேர்த்து விதிகள் என்று பெயரிடுங்கள். கீழே உள்ளவற்றை ஒரு வரிசைக்கு ஒன்றாக எழுதுங்கள்.

1. ஆளுக்கு 200 டாலர், 13 வீரர்கள். சீசன் முடியும் வரை இது மாறாது.
2. குறைந்த விலை ஒரு டாலர். முழு டாலராக மட்டுமே கேட்கலாம்.
3. ஷீட்டில் காட்டும் உச்சக் கேட்புக்கு மேல் கேட்டால் அந்தக் கேட்பு செல்லாது. முந்தைய கேட்பு நிற்கும்.
4. வீரரை ஏலத்துக்குக் கொண்டு வரும் உரிமை முறை வைத்துச் சுற்றி வரும். கொண்டு வருபவர் குறைந்தது ஒரு டாலர் கேட்டே ஆக வேண்டும்.
5. செலவாகாத பணம் சீசனுக்கு வராது.
6. சீசனில் நீக்கலும் சேர்த்தலும் ஆளுக்கு ஆள்.
7. விதியை மாற்ற விரும்பினால் அடுத்த சீசனுக்குத்தான் மாற்றலாம். பத்தில் ஏழு பேர் சம்மதிக்க வேண்டும்.

மூன்றாவது விதியில் உள்ள முந்தைய கேட்பு நிற்கும் என்ற சொற்களைக் கவனியுங்கள். எங்கள் முதல் ஏலத்தில் நான்கு டாலர் கேட்டவர் எழுப்பிய கேள்விக்கு அதுதான் பதில். ஏழாவது விதி எல்லாவற்றுக்கும் காவல். தோற்றுக்கொண்டிருப்பவருக்கு விதி தவறாகத்தான் தெரியும். ஜெயித்துக்கொண்டிருப்பவருக்கு அது சரியாகத்தான் தெரியும். யார் ஜெயிப்பார் என்று யாருக்கும் தெரியாத நாளில் எழுதிய விதியே எல்லோருக்கும் பொது.

ஏலத்துக்கு ஒரு வாரம் முன்பு இந்தப் பக்கத்தைப் பத்துப் பேருக்கும் அனுப்பிச் சம்மதம் வாங்குங்கள். ஃபைலை ஏலத் தேதியைப் பெயரில் சேர்த்துச் சேமித்து, ஒரு பிரதியைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். கூடைப்பந்துதான் என்று இல்லை. கிரிக்கெட்டுக்கோ கபடிக்கோ அமைப்பதானாலும் 200, 13 என்ற இரண்டு எண்களையும், அவற்றிலிருந்து வந்த 188 என்ற தடுப்பையும் மாற்றினால் போதும். இன்று மாலையே ஓர் அணிக்கு மட்டும் அமைத்து, உச்சக் கேட்பு 188 என்று வருகிறதா என்று பாருங்கள்.